ஆளில்லா விமானக் கம்பெனிகளின் வளர்ச்சியும் நம் சங்கங்களும்

ஒட்டன்சத்திரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சங்கக் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். சங்கம் திறக்கும் நேரத்திற்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டபடியால் திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஊரை ஒட்டிய மக்காச்சோளக் கொல்லையிலிருந்து வண்டுக் கூட்டம் இரைவது போன்ற ஓசை எழுந்தது. ஆறு விசிறிகள் சுழல, ஒரு சிறு எந்திரம் பயிருக்கு ஓர் ஆள் உயரத்தில் மிதந்து, மருந்தைப் பனிபோல் தூவிக்கொண்டே சென்றது. கொல்லையின் ஓரத்தில் இளைஞர் ஒருவர் கையில் ஒரு கருவியுடன் நின்றார். ஒரு ஏக்கர் முடிய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுள் முதியவரான அங்கத்தினர் ஒருவர் என்னை நோக்கி, "ஐயா, நம்ம சங்கத்துக்கே இதுல ஒண்ணு வாங்கிப்போட்டா என்னங்க?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆயினும் உடனே விடை கூற என்னால் இயலவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் கூறி வந்தேன். யோசித்தவற்றை இத்திங்கள் பாடமாக எழுதுகிறேன். எந்திரத்தை வாங்குவதற்கு முன்னர், அதைச் செய்து விற்கும் கம்பெனிகள் எவ்வாறு வளர்ந்தன, எவருடைய பணத்தால் வளர்ந்தன என்பதை அறிந்துகொள்ளுதல் நலம். தறி வாங்கப் போகிறவன் நூல் வியாபாரத்தையும் விசாரிப்பதில்லையா?

எந்திரமும் அதன் இரு வேலைகளும்

ட்ரோன் என்று இன்று எல்லோரும் கூறுகிற இந்த ஆளில்லாச் சிறு விமானம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று சுமப்பது, மற்றொன்று பார்ப்பது.

சுமக்கும் ட்ரோனில் பெரும்பாலும் 10 லிட்டர் கொள்ளும் தொட்டி இருக்கும். கைத்தெளிப்பானில் ஒரு ஏக்கருக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் கலந்து அடிக்கிறோம். ட்ரோன் அதே அளவு மருந்தை ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீரில் கலந்து, மிக நுண்ணிய துளிகளாக்கித் தூவுகிறது. விசிறிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றினால் துளிகள் இலையின் அடிப்புறத்திலும் ஓரளவு படுகின்றன. லித்தியம் மின்கலம் இதற்கு உயிர். ஒருமுறை மின்னேற்றினால் சுமையுடன் சில நிமிடங்களே பறக்கும். ஆதலால் நாள் முழுதும் வேலை செய்ய நான்கைந்து மின்கலத் தொகுதிகளும், அவற்றை வயலோரத்தில் மின்னேற்றுவதற்கு வசதியும் வேண்டும். இந்த மின்கலம் சில நூறு முறை மின்னேற்றியதும் வலுவிழந்துவிடும் என்பதை விற்பனையாளர் அழுத்திச் சொல்வதில்லை. நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்க்கும் ட்ரோன் வேறு வகை. அது சுமையின்றி, நிழற்படக் கருவியுடன் உயரப் பறந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. நெசவாளர் பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளைப் பிணைப்பது போலக் கணினி அப்படங்களைப் பிணைத்து, ஊர் முழுவதற்கும் ஒரே படமாகத் தருகிறது. சில கருவிகள் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும். செழித்த இலை அவ்வொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். வாடிய இலை அவ்வளவு அனுப்பாது. ஆகவே விவசாயியின் கண்ணுக்கு நோய் தெரியுமுன்னரே படத்தில் மறு தெரிந்துவிடுவதும் உண்டு. சுமக்கும் வேலைக்குக் கூலி ஏக்கர்க் கணக்கில்; பார்க்கும் வேலைக்கு விலை, தகவலின் கணக்கில். இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

கம்பெனிகள் வளர்ந்த வரலாறு

வேளாண்மைக்கு ஆளில்லா விமானத்தை முதன்முதல் வாணிக முறையில் கொண்டுவந்த நாடு ஜப்பான். கிராமத்து இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றுவிட, நெல் வயல்களில் முதியோரே எஞ்சிய நிலையில், மோட்டார் சைக்கிள் செய்யும் யமஹா கம்பெனி 1987 இல் ஆளில்லாச் சிறு ஹெலிகாப்டரை மருந்து தெளிப்புக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தது. தேவை முதலில் பிறந்தது. எந்திரம் பின்னர் வந்தது. இது குறிப்பிடத்தக்கது. ஏனெனில் பின்னாளில் பல கம்பெனிகள் எந்திரத்தை முதலில் செய்துவிட்டுத் தேவையைப் பின்னர் தேடின.

சீனாவில் ஷென்சென் நகரில் ஃபிராங்க் வாங் என்பவர் 2006 இல் தொடங்கிய டி.ஜே.ஐ. கம்பெனி, உதிரிப் பாகங்கள் அனைத்தும் அருகிலேயே கிடைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்தி, விலையை ஆண்டுக்காண்டு குறைத்துக்கொண்டே சென்று உலகச் சந்தையின் பெரும் பகுதியைக் கைப்பற்றியது. அமெரிக்காவில் கிறிஸ் ஆண்டர்சன், ஜோர்டி முன்யோஸ் ஆகிய இருவர் 2009 இல் தொடங்கிய 3டி ரோபாட்டிக்ஸ் என்னும் கம்பெனி அதனுடன் போட்டியிட்டது. 2015 இல் 'சோலோ' என்னும் விமானத்தை வெளியிட்டது. விலைப் போட்டியில் தாக்குப்பிடிக்க இயலாமல் 2016 இல் விமானம் செய்வதையே கைவிட்டு, வானிலிருந்து எடுத்த படங்களைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள் தொழிலுக்கு மாறிக்கொண்டது. விசைத்தறித் துணியுடன் விலையில் போட்டியிட முடியாமல் வேறு வழி தேடிய நம் கைத்தறிக்காரர்களுக்கு இக்கதை புதிதன்று.

இந்தியாவில் கதை சட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற இளைஞர் சிலர் 2007 இல் ஐடியாஃபோர்ஜ் என்னும் கம்பெனியைத் தொடங்கினர். 2009 இல் வெளிவந்த 'த்ரீ இடியட்ஸ்' இந்தித் திரைப்படத்தில் பறக்கும் கருவி அவர்கள் செய்ததே. ஆயின் 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், பொதுமக்கள் இத்தகைய விமானங்களைப் பறக்கவிடுவதற்குத் தடை விதித்தது. 2018 டிசம்பரில் புதிய விதிகள் நடைமுறைக்கு வரும்வரை தனியார்க்கு இத்தொழிலில் முறையான வழியே இல்லை. அக்காலத்தில் உயிரோடு இருந்த கம்பெனிகள் பெரும்பாலும் இராணுவம், போலீஸ் ஆகியவற்றின் ஆர்டர்களால் பிழைத்தவை.

2021 ஆகஸ்டு 25 இல் வெளியான ட்ரோன் விதிகள் நிலைமையை மாற்றின. படிவங்களின் எண்ணிக்கை 25 இலிருந்து 5 ஆகக் குறைந்தது. பசுமை மண்டலம் என்று குறிக்கப்பட்ட பகுதிகளில் 400 அடி உயரம்வரை பறக்க முன்அனுமதி வேண்டியதில்லை. உள்நாட்டு உற்பத்திக்கு 120 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டமும் அவ்வாண்டே வந்தது. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது; உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. உள்ளூர்க் கம்பெனிகளுக்கு இது பெரிய வாய்ப்பு.

ஐடியாஃபோர்ஜின் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். தணிக்கைக்காரனுக்குக் கதையைவிடக் கணக்கில்தான் ருசி அதிகம். 2021 தொடக்கத்தில் இராணுவத்திடமிருந்து ஏறத்தாழ 2 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர் கிடைத்தது. 2023 இல் 672 ரூபாய் விலையில் பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டபோது, வெளியிட்ட பங்குகளைப்போல் நூறு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. ஜூலை 7 ஆம் நாள் பங்குச் சந்தையில் அதே பங்கு 1,300 ரூபாய் அளவில் விலை போயிற்று. 2023-24 இல் வருமானம் 314 கோடி. மறு ஆண்டு, பெரிய அரசாங்க ஆர்டர்கள் தாமதமாயின. 2024-25 இல் வருமானம் 161 கோடியாகக் குறைந்து, இலாபம் போய் 62 கோடி அளவில் நட்டம் வந்தது. 2025 மார்ச்சில் பங்கின் விலை வெளியீட்டு விலைக்கும் வெகு கீழே கிடந்தது. கம்பெனி திறமையற்றது என்று இதற்குப் பொருள் அன்று. வாங்குபவர் ஒருவரே என்றால், அவர் ஓராண்டு கையை மடக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதே இதில் தெரிவது. ஒரே வியாபாரிக்குத் துணி கொடுத்துவந்த நெசவாளர் சங்கங்களின் கணக்கிலும் இந்த வளைவை நான் கண்டதுண்டு.

தமிழ்நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியுள்ளது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தினர் பல ஆண்டுகளாக இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டு வருகின்றனர். அங்கிருந்து சென்ற 'தக்ஷா' அணி 2018 இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவி ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அதற்கு ஆலோசகராக இருந்தபடியால் செய்தி பட்டிதொட்டியெல்லாம் பரவியது. அதே பெயரில் வளர்ந்த கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை, உர வியாபாரத்தில் பெயர்பெற்ற கோரமண்டல் இன்டர்நேஷனல் 2023 இல் தன் குடைக்கீழ்க் கொண்டுவந்தது. சென்னையில் 2015 இல் தோன்றிய கருடா ஏரோஸ்பேஸ் கம்பெனியின் ட்ரோன்கள் 100, பிரதம மந்திரியால் 2022 பிப்ரவரி 18 அன்று நாட்டின் பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கிவைக்கப்பட்டன. கிரிக்கெட் வீரர் தோனி அதில் முதலீடு செய்துள்ளார். மாநில அரசாங்கமும் 2022 இல் இதற்கெனத் தனிக் கழகம் ஒன்றை நிறுவியது.

நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. கூட்டுறவு உர நிறுவனமாகிய இஃப்கோ, 2023 இல் 2,500 ட்ரோன்களை வாங்கப் போவதாக அறிவித்தது. 2021 இல் தான் வெளியிட்ட நானோ யூரியாவைத் தெளிக்க அவை வேண்டியிருந்தன. ஆகவே இந்தக் கம்பெனிகளின் வளர்ச்சியில் விவசாயிகளின் பங்குப் பணமும் சேர்ந்திருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் 'நமோ ட்ரோன் தீதி' திட்டம், 1,261 கோடி ரூபாய்ச் செலவில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தர ஏற்பட்டது. விலையில் 80 சதவீதம், 8 இலட்சத்திற்கு மிகாமல் மானியம். இராணுவத்திற்கு அடுத்து, மானியமே இத்தொழிலின் இரண்டாவது தூண் என்று கூறினால் மிகையாகாது.

திண்டுக்கல் சமவெளியில் இதற்கு இடமுண்டா?

உண்டு. 2018 இல் படைப்புழு முதன்முதலாக இந்தியாவில் காணப்பட்டு, அவ்வாண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தபோது, தலைக்கு மேல் வளர்ந்த பயிருக்குள் நுழைந்து மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் நம் விவசாயிகள் பட்ட பாடு நினைவிருக்கும். மருந்தடிப்பது உயிருக்கும் ஆபத்தான வேலை. 2017 இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் பெரம்பலூர்ப் பக்கத்திலும் அதே ஆண்டு உயிரிழப்புகள் நேர்ந்தன. முகமூடியும் கையுறையும் இன்றி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மருந்துப் புகைக்குள்ளேயே நடந்து செல்லும் கூலியாளை நாம் தினமும் பார்க்கிறோம். அவரை அப்புகையிலிருந்து வெளியே கொண்டுவருவது ஒன்றுக்காகவே இந்த எந்திரத்தை வரவேற்கலாம் என்பது என் கருத்து. அவருடைய கூலி என்னாவது என்று கேட்பவர்க்கு நான் மறுமொழி கூற வேண்டும். சங்கம் ட்ரோன் இயக்க ஆள் எடுக்குமாயின், பத்தாம் வகுப்புத் தேறிய, கைத்தெளிப்பான் சுமந்த குடும்பத்துப் பிள்ளைக்கே முதலிடம் தரட்டும். 18 வயது நிரம்பியவர், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் தேறினால் 10 ஆண்டுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது.

இடமில்லாத இடங்களும் உண்டு. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்கள் பல, ட்ரோன் திரும்பவே இடம் போதாத அளவில் சிறியவை. ஆனி, ஆடி மாதங்களில் நம் சமவெளியில் வீசும் மேல்காற்றில் மருந்து நம் பயிரில் நில்லாது அடுத்த வயலுக்குப் போகும். அடுத்த வயலில் மல்பெரி இருந்து, அந்த இலையைப் பட்டுப்புழு தின்றால் ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு போயிற்று. தென்னையில் 2016 முதல் பரவிய சுருள் வெள்ளை ஈக்கு, உயர்ந்த மரமாயிற்றே, ட்ரோனில் அடிக்கலாமே என்று சிலர் கேட்கின்றனர். அந்த ஈயைத் தின்று அடக்கும் ஒட்டுண்ணிக் குளவி மருந்தினால் முதலில் சாகும் என்பதால், இரசாயன மருந்தைத் தவிர்க்குமாறே ஆராய்ச்சியாளர் அறிவுறுத்துகின்றனர். எந்திரம் கையில் இருக்கிறது என்பதற்காக அடிக்கக் கூடாது.

சங்கத்தின் கணக்கு

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் பாடத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. வாசகர்கள் தங்கள் ஊர் விலைவாசியை இட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உதிரி மின்கலங்களோடு ட்ரோனின் விலை 10 இலட்சம் என்போம். கூட்டுறவுச் சங்கங்களின் வாடகை எந்திர மையங்களுக்கென 2022 இல் அறிவிக்கப்பட்ட மானியம் 40 சதவீதம், அதாவது 4 இலட்சம். எஞ்சிய 6 இலட்சத்திற்கு 9 சதவீத வட்டி, ஆண்டுக்கு 54,000. இயக்குபவர் சம்பளம் மாதம் 15,000 வீதம் 1,80,000. மின்கலம் மாற்ற 1,00,000. காப்பீடும் பழுதும் 60,000. எந்திரத்தையும் தண்ணீரையும் ஏற்றிச் செல்லும் வண்டிச் செலவு 60,000. தேய்மானம் எவ்வளவு? இங்கேதான் சங்கங்கள் வழுக்கி விழுகின்றன. சங்கம் கொடுத்தது 6 இலட்சந்தானே என்று, ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 1,20,000 எழுதுவார்கள். ஐந்தாண்டுக்குப்பின் அடுத்த ட்ரோன் வாங்கும்போது மானியம் இருக்குமென்று எவர் உறுதி கூறினார்? முழு விலைக்கு 2,00,000 ஒதுக்கினால்தான் அன்று கையில் பணம் இருக்கும். ஆகச் செலவு 6,54,000.

ஏக்கருக்கு 500 ரூபாய் கூலி வாங்கினால் ஆண்டில் 1,308 ஏக்கர் தெளிக்க வேண்டும். காற்றும் மழையும் போக 100 நாள் வேலை கிடைத்தால் நாளொன்றுக்கு 13 ஏக்கர். வயல்கள் ஒரே தாக்காக இருந்தால் இது எளிது. இன்று கிழக்கே அரை ஏக்கர், மதியம் மேற்கே முக்கால் ஏக்கர் என்று அலைந்தால் 8 ஏக்கர்தான் முடியும். அப்போது வரவு 4,00,000, நட்டம் 2,54,000.

வேறொரு மாவட்டத்தில் ஒரு சங்கத்தின் கிடங்கில் இத்தகைய எந்திரம் ஒன்றைத் துணி போர்த்தி வைத்திருக்கக் கண்டேன். மின்கலங்களில் இரண்டு ஊதிப் போயிருந்தன. பயிற்சி பெற்ற இளைஞர் நகரத்தில் அதிகச் சம்பளத்திற்குப் போய்விட்டார். இருப்புநிலைக் குறிப்பிலோ எந்திரம் முழு விலையோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது! சங்கத்தின் பெயர் வேண்டா. அந்தக் குறிப்பில் கையொப்பமிடுமுன் செயலாளருக்கும் எனக்கும் நெடுநேரம் வாதம் நடந்தது என்பது மட்டும் போதும்.

ஆகவே தனிச் சங்கம் வாங்குவதைக் காட்டிலும், அடுத்தடுத்த மூன்று நான்கு சங்கங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, இருவரைப் பயிற்றுவித்து, ஊர்வாரியாக நாள் குறித்து, ஒரு தாக்கு முழுவதையும் ஒரே நாளில் தெளிப்பது தகும். அதற்கும் முன்னதாக ஓராண்டு வாடகைக்கு எடுத்துப் பார்த்து, உண்மையில் எத்தனை ஏக்கர் தேறுகிறது என்று பதிவேட்டில் எழுதி வைப்பது இன்னும் தகும். ஏக்கர்க் கூலிக்குத் தெளித்துத் தரும் தொழிலைக் கம்பெனிகளே இப்போது செய்கின்றன. அவர்களுடைய எந்திரம் பழுதானால் அது அவர்களுடைய கவலை.

படம் எவருக்குச் சொந்தம்?

எந்திரத்தைப் பற்றிய பேச்சில் இக்கேள்வி மறைந்துவிடுகிறது. எனக்கோ இதுவே பெரிதாகப் படுகிறது.

சின்னாளப்பட்டியின் நெசவாளர்களிடம் கேளுங்கள். நூல் முதலாளியுடையது, டிசைன் முதலாளியுடையது, எந்தச் சேலை எந்த ஊரில் எவ்வளவு விலை போகிறது என்ற செய்தியும் முதலாளியிடம். நெசவாளியிடம் தறியும் உழைப்பும் இருந்தும், செய்தி இல்லாமையால் கூலியாகவே நின்றார். அந்நிலையை மாற்றவே 1935 இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. ஊர்தோறும் நெசவாளர் சங்கங்கள் தோன்றின. விற்பனைச் செய்தி சங்கத்தின் கைக்கு வந்த பிறகே கூலியைப் பற்றி நிமிர்ந்து பேச முடிந்தது.

இப்போது விவசாயியின் வயலுக்கு மேல் ட்ரோன் பறக்கிறது. எந்த ஊரில் சின்ன வெங்காயம் எத்தனை ஏக்கர், எங்கே திருகல் நோய், எங்கே மகசூல் குறையும் என்பது படத்தில் இருக்கிறது. அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே அப்படம் ஒரு வியாபாரியின் மேசைக்குப் போனால், திண்டுக்கல் வெங்காயச் சந்தையில் மூட்டையை இறக்கும் விவசாயி என்ன விலை பேச முடியும்? அவர் மூட்டையைத்தான் அறிவார். எதிரே நிற்பவர் மாவட்டத்தையே அறிவார். விமானம் செய்வதில் இலாபம் குறையும் கம்பெனிகள் தகவல் விற்பனைக்குத் திரும்புவது இயல்பு என்பதை அமெரிக்கக் கம்பெனியின் கதையில் கண்டோம்.

2023 இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரைப் பற்றிய விவரங்களைக் காக்கிறது. ஒரு கிராமத்தின் பயிர்ப் படம் அதை விளைவித்தவர்க்கே சொந்தம் என்று அச்சட்டம் நேராகக் கூறவில்லை. சட்டம் கூறாததை ஒப்பந்தம் கூறலாம். வாடகைக்கு எடுத்தாலும் விலைக்கு வாங்கினாலும், ஒப்பந்தத்தில் கீழ்க்கண்டவாறு ஒரு பிரிவு சேர்க்குமாறு நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வயல்களின் மேல் எடுத்த படங்களும் அவற்றிலிருந்து கணித்த விவரங்களும் சங்கத்திற்குரியவை, அவற்றின் முழுப் படி ஒன்று வேலை முடிந்த ஏழு நாளுக்குள் சங்கத்திடம் தரப்பட வேண்டும், சங்கத்தின் எழுத்து மூலமான இசைவின்றி மூன்றாமவர் எவர்க்கும் அவற்றைக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. கம்பெனியின் அச்சடித்த படிவத்தில் இதற்கு நேர்மாறான வாசகம், சிறு எழுத்தில், கடைசிப் பக்கத்தில் இருக்கக்கூடும். கையொப்பமிடுமுன் அந்தப் பக்கத்தைப் பொதுப்பேரவையில் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரத்து முதியவருக்கு இவ்விதழின் படி ஒன்றை அனுப்பியுள்ளேன். அவருடைய சங்கத்தின் அடுத்த பொதுப்பேரவையில், பக்கத்து ஊர்ச் சங்கங்கள் இரண்டோடு சேர்ந்து ஓராண்டு வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் தீர்மானத்தை அவரே கொண்டுவரப் போவதாகச் செயலாளர் எழுதியிருக்கிறார்.